வீட்டிலேயே கிராங்க் புல்லியும் ஆயில் சீலும் மாற்றலாமா? மடிப்பாக்கம் வாசகருக்குப் பதில்

"அண்ணா, என்னிடம் இருப்பது 2012 மாடல் ஐ10, 1.2 கப்பா பெட்ரோல், மேனுவல் கியர். 1,10,000 கி.மீ. ஓடியிருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்து ஏசி போட்டதும் முன்பக்கம் கிரீச்சென்று சத்தம் வருகிறது. ட்ரைவர் பக்கம் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் எண்ணெய்ச் சொட்டு. சர்வீஸுக்குக் கொண்டுபோன இடத்தில், கிராங்க் புல்லியின் ரப்பர் விட்டுவிட்டது, அதன் பின்னால் இருக்கும் ஆயில் சீலும் போய்விட்டது, இரண்டையும் மாற்ற வேண்டும் என்றார்கள். பிரேக் பேட், பிளக், எஞ்சின் ஆயில் எல்லாம் நானே மாற்றிப் பழக்கம் உண்டு. எங்கள் அபார்ட்மெண்ட் ஸ்டில்ட் பார்க்கிங்கில் வைத்து இதையும் நானே செய்யலாமா? சீலை மட்டும் மாற்றினால் போதுமா? இம்பாக்ட் கன் (போல்ட்டைத் தட்டித் தட்டிச் சுழற்றும் மெஷின்) இல்லாமல் அந்த பெரிய போல்ட்டை எப்படிக் கழற்றுவது?"

தம்பி, செய்யலாம். பிரேக் பேட் மாற்றிய கைக்கு இது எட்டாத வேலை இல்லை. ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், அவசரமாக எங்கேயும் போக வேண்டிய நாளாக அது இருக்கக் கூடாது.

உங்கள் மூன்றாவது கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். கிராங்க் ஷாஃப்ட் என்பது பிஸ்டன்கள் சுற்றிவிடும் எஞ்சினின் முக்கியத் தண்டு; அதன் முனையில் புல்லியைப் பிடித்திருக்கும் அந்த போல்ட் பயமுறுத்தும், உண்மை. ஆனால் ஆதம்பாக்கத்தில் ஷெட் போட்டு இத்தனை வருடத்தில், வீட்டில் வேலை பார்த்துவிட்டு என்னிடம் வந்த வண்டிகளில் போல்ட் கழலாமல் வந்தவை கொஞ்சம்தான். "புது சீல் போட்டேன் அண்ணா, ஒரே மாதத்தில் திரும்ப ஒழுகுகிறது" என்று வந்தவைதான் அதிகம். அவர்கள் எல்லோரும் போல்ட்டோடு இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு, அது கழன்ற சந்தோஷத்தில் சீலைப் பத்து நிமிடத்தில் தட்டி உள்ளே தள்ளியவர்கள். நீங்கள் அப்படியே தலைகீழாகச் செய்யுங்கள். நேரமும் பொறுமையும் சீலுக்குத்தான், அதாவது அந்தத் தண்டைச் சுற்றி எண்ணெய் வெளியே வராமல் அடைக்கும் வளையத்துக்குத்தான், வேண்டும்.

அதற்கும் முன்னால், ஒழுகுவது அந்த சீல்தானா என்று நீங்களே ஒரு முறை பார்த்துவிடுங்கள். சர்வீஸில் சொன்னது தப்பு என்று சொல்லவில்லை. எண்ணெய் மேலிருந்து கீழே வழியும், ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும், அதனால் சொட்டு விழும் இடத்தை வைத்து எங்கே ஒழுகுகிறது என்று முடிவு செய்ய முடியாது. அந்த மூலையில், எஞ்சினின் மேல்மூடியான டேப்பெட் கவரின் கேஸ்கெட்டிலிருந்து இறங்கும் எண்ணெயும், புல்லிக்குப் பின்னால் எஞ்சினின் பக்கத்தை மூடியிருக்கும் டைமிங் கவர் வழியாகத்தான் வரும், டைமிங் கவர் ஒட்டிய பேஸ்ட் விட்டாலும் அங்கேதான் வரும். என்ஜின் ஆறியபிறகு டீகிரீஸர் அடித்து, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, அந்தப் பக்கம் முழுவதையும் காய்ந்த துணியால் துடையுங்கள். பெல்ட்டிலும் ஆல்டர்னேட்டரிலும் டீகிரீஸர் படாமல் ஒரு பாலித்தீன் கவரால் மூடிக்கொள்ளுங்கள். அப்புறம் டைமிங் கவர் மேல் முகத்துக்குப் போடும் சாதாரண டால்கம் பவுடரைத் தூவிவிட்டு, வேளச்சேரி வழியாக ஒரு இருபது கிலோமீட்டர் சுற்றிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடர் மேலேயே நனைந்து கோடாக இறங்கியிருந்தால் டேப்பெட் கவர். புல்லியைச் சுற்றி மட்டும் ஈரமாக இருந்து, இன்னர் மட்கார்டில் புல்லியின் நேர்கோட்டில் எண்ணெய்ப் புள்ளிகள் ஒரு பட்டையாகத் தெறித்திருந்தால் சீல்தான். சுழலும் புல்லி எண்ணெயைத் தன் வட்டத்துக்கு நேராகத்தான் வீசும்.

சீல்தான் என்று உறுதியானாலும் அது ஏன் போனது என்று ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. இத்தனை வருடம் ஆன ரப்பர், வயதாலேயே கெட்டியாகிப் போயிருக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு: பிசிவி வால்வு அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்குள் சேரும் காற்றழுத்தம் வெளியேற வழி இல்லாமல், எங்கே பலவீனமோ அங்கே எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். அந்த வால்வைக் கழற்றிக் காதருகே குலுக்கிப் பாருங்கள், கடகடவென்று சத்தம் வந்தால் உள்ளே நகர்கிறது, சத்தமே இல்லாமல் கரி பிடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். எஞ்சின் ஐட்லிங்கில் இருக்கும்போது ஆயில் மூடியைத் திறந்தால் பெரிய காற்றோ புகையோ வரக்கூடாது. குபுகுபுவென்று அடித்தால், பிசிவி சரியாக இருந்தும் அடித்தால், அது பிஸ்டன் ரிங் விஷயம். அப்போது புது சீலும் நீண்ட நாள் தாங்காது, அதை முதலில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

இப்போது புல்லி. வெளியிலிருந்து பார்த்தால் பெல்ட் ஓடும் ஒரு இரும்பு வட்டம், அவ்வளவுதான். உண்மையில் அது இரண்டு துண்டு. உள்ளே ஷாஃப்ட்டில் உட்காரும் பகுதி ஒன்று, வெளியே கனமான வளையம் ஒன்று, நடுவில் ஒட்டப்பட்ட ரப்பர். நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை பெட்ரோல் வெடிக்கும், 800 ஆர்பிஎம் ஐட்லிங்கில் கணக்குப் போட்டால் நொடிக்கு 26, 27 முறை கிராங்க் ஷாஃப்ட் உதை வாங்குகிறது. ஒவ்வொரு உதைக்கும் அது மயிரிழை முறுக்கிக்கொண்டு திரும்ப விடுபடும். அந்த முறுக்கலை வெளி வளையமும் ரப்பரும் சேர்ந்து அடக்குகின்றன. ரப்பர் விட்டுப்போனால் வளையம் ஒரு பக்கம் ஆடும், பெல்ட் தடம் மாறும், ஏசி கம்ப்ரஸர் இழுக்கும்போது வளையம் வழுக்கிக் கிரீச்சிடும்.

இதையும் சோதித்துவிடலாம். எஞ்சின் நின்றிருக்கும்போது ஆபீஸில் பயன்படுத்தும் ஒயிட்னர் பேனாவால் புல்லியின் உள்பகுதியிலிருந்து ரப்பரைத் தாண்டி வெளி வளையம் வரை ஒரே நேர்கோடு போடுங்கள். இரண்டு நாள் ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு இரண்டாக உடைந்து, வெளிப்பாதி ஒரு விரல்கடை நகர்ந்திருந்தால் புல்லி போய்விட்டது, விவாதமே வேண்டாம். கோடு அப்படியே இருந்து, ரப்பரில் வெடிப்பும் இல்லாமல், புல்லி ஆடாமலும் ஓடினால், அந்தச் சத்தம் வெறும் எண்ணெய் குடித்த பெல்ட்டாகவும் இருக்கலாம்.

சீலை மட்டும் மாற்றலாமா என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். ஒழுகும் எண்ணெய் நேராகப் புல்லியின் ரப்பர் மேல்தான் விழுகிறது. எண்ணெயில் ஊறிய அந்த ரப்பர் உப்பி, பிசுபிசுத்து, ஒட்டு விடும். அதாவது சீல்தான் புல்லியைக் கெடுத்திருக்கும். அடுத்தது இன்னும் முக்கியம். வால்வுகள் சரியான நேரத்தில் திறக்க வைக்கும் டைமிங் செயின் இருக்கும் பல எஞ்சின்களில் சீலின் லிப், அதாவது எண்ணெயைத் தடுக்கும் உள் விளிம்பு, கிராங்க் ஷாஃப்ட்டின் மேல் உட்காருவதே இல்லை, புல்லியின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கழுத்தின் மேல்தான் உட்காரும். புல்லியைக் கையில் எடுத்ததும் திருப்பிப் பாருங்கள். கழுத்தில் பளபளவென்று ஒரு மெல்லிய வளையக் கோடு இருந்தால் அதுதான் லிப் ஓடிய தடம். கட்டைவிரல் நகத்தை அந்தக் கோட்டுக்குக் குறுக்கே மெதுவாக இழுங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் பரவாயில்லை. 'டக்'கென்று நகம் மாட்டினால் அங்கே பள்ளம் விழுந்துவிட்டது. கழுத்தின் விட்டம் 40 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 3000 ஆர்பிஎம்மில் அந்த லிப்பின் கீழே நொடிக்கு ஆறு மீட்டருக்கு மேல் உலோகம் ஓடுகிறது, லட்சம் கிலோமீட்டர் முழுக்க. லிப்பில் சிக்கிய தூசும் மணலும் சேர்ந்து எமரி பேப்பர் வேலை பார்த்திருக்கும். அந்தப் பள்ளத்தின் மேல் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சீலைப் போட்டாலும் ஒழுகும். உங்கள் கேஸில் ரப்பரும் விட்டுவிட்டது என்கிறார்கள், அதனால் புது புல்லி போடுங்கள், புதிய வழவழப்பான கழுத்தும் அதோடு சேர்ந்து வந்துவிடும். இரண்டையும் சேர்த்து மாற்றச் சொன்னவர்கள் உங்களிடம் கூடுதலாக எதையும் கறக்கவில்லை.

மடிப்பாக்கம் என்பதால் ஒன்று கேட்கிறேன், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வண்டி தண்ணீரில் நின்றதா? பம்பர் மட்டத்துக்குச் சேற்றுத் தண்ணீர் ஏறி இறங்கிய வண்டிகளில் இந்தப் புல்லிக்கும் சீலுக்கும் நடுவில் நைஸான வண்டல் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த வருடம் அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை ஏற்றி நிறுத்தினார்களே, அதைச் சிலர் கேலி பேசினார்கள், எனக்கு அவர்கள்மேல் மரியாதைதான் வந்தது. தண்ணீரில் நின்ற வண்டி என்றால் ஆல்டர்னேட்டர் பேரிங், பெல்ட் ஓடும் மற்ற உருளைகள் எல்லாவற்றையும் பெல்ட் கழற்றியிருக்கும்போதே கையால் சுற்றிப் பார்த்துவிடுங்கள், கரகரவென்று இருந்தால் சத்தம் அங்கிருந்தும் வந்திருக்கலாம்.

சாமான் வாங்க மவுண்ட் ரோடு ஜி.பி. ரோட்டுக்குப் போங்கள், சனிக்கிழமையே போய்விடுங்கள், ஞாயிற்றுக்கிழமை பாதி வேலையில் ஒரு சீலுக்காக அலைய வேண்டாம். ஆர்.சி. புத்தகத்தின் படமும் சேஸிஸ் நம்பரும் கையில் இருக்கட்டும். ஐ10-இல் 1.1 எஞ்சினும் உண்டு, 1.2 கப்பாவும் உண்டு, இரண்டும் வேறு வேறு எஞ்சின், கடைக்காரர் "ஐ10-தானே" என்று எடுத்துக் கொடுத்ததை அப்படியே வாங்கி வராதீர்கள். புல்லி, சீல், பெல்ட் மூன்றும் வாங்குங்கள். எண்ணெய் குடித்த பெல்ட்டைத் துடைத்துத் திரும்பப் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கிராங்க் போல்ட் புதிதாகக் கிடைத்தால் அதையும் வாங்கிவிடுங்கள், சில எஞ்சின்களில் ஒரு முறை இறுக்கிய போல்ட் நீண்டுவிடும், மறுபடி பயன்படுத்தக் கூடாது. புதுப்பேட்டையில் பழைய புல்லி மலிவாகக் கிடைக்கும். டோர் ஹேண்டில், கண்ணாடி, சீட் என்றால் நானே புதுப்பேட்டைக்கு அனுப்புவேன். புல்லிக்கு வேண்டாம், அந்த ரப்பருக்கும் உங்கள் ரப்பருக்கும் ஒரே வயதுதான்.

சீல் வாங்கும்போது கம்பெனி அட்டையில் வருவதையே வாங்குங்கள். சாதாரண நைட்ரைல் ரப்பர் சுமார் 100 டிகிரி வரைதான் நிம்மதியாகத் தாங்கும், வைட்டான் என்று சொல்கிற ரகம் 200 டிகிரி வரை போகும். சித்திரை வெயிலில் சிக்னலில் ஏசி போட்டு நிற்கும்போது போனட்டுக்குள் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். சீலின் நிறத்தை வைத்து இது வைட்டான் என்று சொல்பவர் பேச்சை நம்ப வேண்டாம், எந்த ரப்பருக்கும் எந்த நிறமும் கொடுக்கலாம்.

இனி வண்டியைத் தூக்குவது. இதில் நான் கறாராகத்தான் சொல்வேன். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு ஸ்டாண்ட் வேண்டும். செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ வேண்டவே வேண்டாம், அது முன்னறிவிப்பு இல்லாமல் பொடிந்துவிடும். ஸ்டில்ட் பார்க்கிங்கில் பேவர் பிளாக் தரை என்றால் ஸ்டாண்டின் கால் ஒரு கல்லை மட்டும் அழுத்திச் சாயும், அதனால் அடியில் கனமான பிளைவுட் துண்டு ஒன்று போடுங்கள். பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள், எது தவறினாலும் அது ஒரு கடைசித் தாங்கல். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்துக்கொண்டால் எண்ணெய்க் கறைக்காக அசோசியேஷனிடம் பேச்சு வாங்க வேண்டாம்.

ட்ரைவர் பக்கம் முன் சக்கரமும் இன்னர் மட்கார்டும் கழன்றதும் புல்லி உங்கள் முகத்துக்கு நேராகத் தெரியும். பெல்ட் போகும் பாதையை மொபைலில் இரண்டு கோணத்தில் படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். உங்கள் வண்டியில் ஸ்டியரிங் எலக்ட்ரிக் என்பதால் பவர் ஸ்டியரிங் பம்ப் தொல்லை இல்லை.

சரி, போல்ட். நீங்கள் போல்ட்டைத் திருப்பினால் எஞ்சினும் கூடவே சுற்றும், அதைப் பிடித்து நிறுத்துவதுதான் இங்கே வேலை. மேனுவல் கியர் என்பதால் ஐந்தாவது கியரில் போட்டு, வீட்டில் ஒருவரை உட்காரவைத்து கால் பிரேக்கை முழு பலத்தோடு அழுத்தச் சொல்லுங்கள். கிளட்சில் கால் வைக்கக் கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள், பழக்கத்தில் எல்லோரும் இரண்டையும் சேர்த்துத்தான் மிதிப்பார்கள். ஹேண்ட் பிரேக்கை மட்டும் இழுத்துவிட்டு "எஞ்சின் சுற்றுகிறதே" என்று கேட்டவர்கள் உண்டு. உங்கள் வண்டிக்கு இழுவை முன் சக்கரத்தில், ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சக்கரத்தை. அதனால் அது இந்த வேலைக்கு உதவாது. கியர் முறையில் டயரும் எஞ்சின் மவுண்ட் ரப்பரும் கொஞ்சம் அசைந்து கொடுக்கும், அந்த அசைவு முடியும்வரை பாரை, அதாவது போல்ட்டைத் திருப்பும் நீளக் கம்பியை, மெதுவாக இழுத்து, அப்புறம் பலம் கொடுங்கள். இதைவிட நல்லது, புல்லியின் ஓட்டைகளில் பொருந்திப் பிடிக்கும் புல்லி ஹோல்டர், தெரிந்த ஷெட்டில் கேட்டால் ஒரு நாளுக்குக் கொடுப்பார்கள். ஃபிளைவீல் பல்லில் ஸ்க்ரூ ட்ரைவரைச் சொருகுவது, செயின் ரெஞ்சை வெளி வளையத்தில் மாட்டுவது இரண்டும் வேண்டாம். முதலாவதில் பல் உடையும், இரண்டாவது ரப்பரைக் கிழிக்கும்.

பலத்துக்கு நீளமான பார்தான் மருந்து. ஒரு மீட்டர் நீளத்தில் 20 கிலோ அளவுக்கு அழுத்தினாலே சுமார் 200 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். உதைக்கவோ ஏறிக் குதிக்கவோ தேவையில்லை, வண்டி ஸ்டாண்டில் நிற்கிறது என்பதை மறக்க வேண்டாம். பாரை மேலிருந்து கீழே அழுத்துகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். சாக்கெட் ஆறு பட்டை உள்ளதாக இருக்கட்டும், பன்னிரண்டு பட்டை சாக்கெட் போல்ட் தலையின் மூலையை உருட்டிவிடும். நேராகப் பார்த்தால் இடஞ்சுழியாகக் கழலும்.

பாரைத் தரையில் முட்டுக் கொடுத்துவிட்டு ஸ்டார்ட்டரை ஒரு தட்டுத் தட்டிக் கழற்றும் வித்தையை வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். நான் என் பையன்களை அதைச் செய்ய விடுவதில்லை. பார் நழுவினால் அது எங்கே போய் அடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதேபோல, டயர் கடையில் கன் வைத்து லூஸ் செய்துகொண்டு வீட்டுக்கு ஓட்டி வந்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். அந்த போல்ட் லூஸாக இருக்கும்போது எஞ்சினை ஸ்டார்ட்டே செய்யக் கூடாது, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

போல்ட் வந்ததும் புல்லி பெரும்பாலும் கையால் இடமும் வலமும் அசைத்தாலே வந்துவிடும். வராவிட்டால் அதை இழுத்து எடுக்கும் கருவியான புல்லர் போடுங்கள், ஆனால் வெளி வளையத்தில் கொக்கி மாட்டாமல் உள்பகுதியைப் பிடித்து இழுக்க வேண்டும். பழைய புல்லிதானே, கிழிந்தால் என்ன என்று நினைக்கலாம், வெளி வளையம் மட்டும் கையோடு வந்து உள்பகுதி ஷாஃப்ட்டிலேயே நின்றுவிட்டால் வேலை இரட்டிப்பு. சுத்தியல் வேண்டாம். ஷாஃப்ட்டின் காடியில், புல்லி தனியாகச் சுழலாமல் பிடிக்கும் ஒரு சின்ன இரும்புக் கீ இருக்கும், அது கீழே விழுந்து பேவர் பிளாக் இடுக்கில் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது சீல் கண்ணுக்குத் தெரியும். இங்கேதான் நீங்கள் ஒரு டீ குடித்துவிட்டு வந்து உட்கார வேண்டும்.

நான் வேலை கற்றுக்கொண்ட காலத்தில், பதினேழு வயது இருக்கும், ஒரு பெட்ரோல் வண்டியில் ஷாஃப்ட்டின் மேலேயே ஓடும் சீலை ஸ்க்ரூ ட்ரைவரால் நெம்பி எடுத்தேன். நன்றாக வந்துவிட்டது. புது சீல் போட்டு வண்டியை அனுப்பினோம், நான்கே நாளில் திரும்பி வந்தது. முதலாளி எல்லாவற்றையும் கழற்றி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து ஷாஃப்ட்டைக் காட்டினார். முடி அளவுக்கு ஒரு கீறல், முன்னிருந்து பின்னாக, நீளவாக்கில். சுற்றுவாக்கில் இருக்கும் தேய்மானத்தைக்கூட லிப் ஓரளவு சமாளிக்கும், நீளவாக்குக் கீறல் எண்ணெய்க்கு வெட்டிவிட்ட வாய்க்கால் மாதிரி. லேத் பட்டறையில் கொடுத்துச் சரிசெய்யக்கூட ஷாஃப்ட்டை எஞ்சினிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். கடைசியில் அதன் மேல் மெல்லிய ஸ்லீவ் ஒன்று ஏற்றித்தான் அந்த வண்டியைக் காப்பாற்றினார். அன்றிலிருந்து சீல் அருகே வெறும் ஸ்க்ரூ ட்ரைவரைக் கொண்டு போனதில்லை.

அதனால் முதலில் பழைய சீல் எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று ஸ்டீல் ஸ்கேலால் நான்கு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள், கவரின் விளிம்போடு சமமாக இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். சீலைச் சுற்றியுள்ள மண்ணையும் அழுக்கையும் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் எடுக்கும்போது அது எஞ்சினுக்குள் போகும். கொக்கி மாதிரி இருக்கும் சீல் புல்லரை வாங்கி, லிப்பின் உள்பக்கம் மாட்டி, ஒரே இடத்தில் இழுக்காமல் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்புங்கள். ஷாஃப்ட்டில் இரண்டு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டிக்கொண்டால் பாதுகாப்பு. டைமிங் கவர் அலுமினியம், அதன் குழியிலும் கீறல் விழக்கூடாது, நெம்பும் இடத்தில் மெல்லிய மரத்துண்டு கொடுங்கள். சீலில் துளை போட்டு ஸ்க்ரூ ஏற்றி இழுக்கும் முறையும் இருக்கிறது, துளை போடும்போது விழும் இரும்புத்தூள் நேராக டைமிங் செயினுக்குப் போகும், முதல் தடவை செய்கிறவருக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

குழியைப் பஞ்சு விடாத துணியால் துடைத்து, விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். புது சீலைக் கையில் எடுத்ததும் உள்பக்கம் லிப்பைச் சுற்றி ஒரு மெல்லிய ஸ்பிரிங் தெரியும். ஸ்பிரிங் இருக்கும் பக்கம் எஞ்சினைப் பார்க்க வேண்டும், நம்பர் எழுதிய தட்டையான பக்கம் உங்களைப் பார்க்க வேண்டும். தட்டும் அதிர்ச்சியில் அந்த ஸ்பிரிங் கழன்று விழும், விழுந்தது வெளியிலிருந்து தெரியவே தெரியாது, அதனால் ஸ்பிரிங் இருக்கும் பள்ளத்தில் கொஞ்சம் கிரீஸ் வைத்துவிடுங்கள், அது பிடித்துக்கொள்ளும். ரப்பர் லிப் என்றால் லிப்பில் விரல்நுனியால் புது எஞ்சின் ஆயில் தடவுங்கள். ஸ்பிரிங் இல்லாமல், வெள்ளையாகவோ பழுப்பாகவோ தகடு மாதிரி லிப் இருந்தால் அது டெஃப்லான் வகை, அதற்கு எண்ணெய், கிரீஸ் எதுவும் கூடாது, காய்ந்தபடியே போட வேண்டும், அட்டையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

தட்டி இறக்க சீலின் வெளி விட்டத்துக்குச் சற்றே குறைவான பிவிசி பைப் துண்டு போதும், உங்கள் தெரு பிளம்பிங் கடையில் சீலைக் கொண்டுபோய் அளவு பார்த்து வாங்குங்கள், முனையை நேராக அறுத்துத் தரச் சொல்லுங்கள். சீலைக் குழியின் வாயில் கையால் நேராக உட்காரவைத்து, பைப்பை வைத்து, ரப்பர் சுத்தியலால் மேலே ஒன்று, கீழே ஒன்று, இடம், வலம் என்று மாற்றி மாற்றிச் சின்னச் சின்னத் தட்டல். ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் நின்றால் நிறுத்திவிட்டு, நின்ற பக்கத்தை மட்டும் தட்டுங்கள். நீங்கள் எழுதிவைத்த ஆழம் வந்ததும் நான்கு இடத்திலும் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் சாய்வுகூட எனக்குப் பிடிக்காது.

புது புல்லியின் கழுத்தில் துரு தடுக்கும் பூச்சு இருக்கும், பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, ரப்பர் லிப் சீலாக இருந்தால் மட்டும் ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் தடவி, கீயும் காடியும் நேராகப் பார்த்து, இரண்டு கையாலும் சுற்றிச் சுற்றி உள்ளே தள்ளுங்கள். லிப் உள்பக்கம் மடங்கிவிடக் கூடாது, இடுக்கில் டார்ச் அடித்துப் பாருங்கள்.

இறுக்குவதற்கு, எவ்வளவு பலத்தில் இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கட்டாயம். சின்ன கார்களின் கிராங்க் போல்ட்டே பெரும்பாலும் 100 நியூட்டன் மீட்டருக்கு மேல்தான் கேட்கும், உங்கள் எஞ்சினுக்கான சரியான அளவை சர்வீஸ் மேனுவலில் பார்த்து அதன்படி இறுக்குங்கள், கோணமும் சேர்த்துச் சொல்லியிருந்தால் அதையும் செய்யுங்கள். மேனுவல் சொல்லாமல் மரையில் எண்ணெய் தடவ வேண்டாம், அதே டார்க்கில் போல்ட் அதிகம் இழுபட்டுவிடும். "கைக்குத் தெரியும் அண்ணா" என்கிற பேச்சு இங்கே செல்லாது. வேறொரு இடத்தில் கைக்கணக்கில் இறுக்கி அனுப்பிய ஒரு வண்டி எங்களிடம் வந்தது. போல்ட் மெதுவாக லூஸாகி, புல்லி ஒவ்வொரு உதைக்கும் கீயை இடித்து இடித்து, கீயே வெட்டுப்பட்டு, ஷாஃப்ட்டின் காடியும் அகலமாகிவிட்டது. அந்தக் குடும்பம் கடன் வாங்கி எஞ்சினைப் பிரிக்க வேண்டியிருந்தது. லூஸான போல்ட்டோடு ஸ்டார்ட் செய்யக் கூடாது என்றது இதனால்தான்.

பெல்ட்டைப் படத்தில் இருந்த மாதிரியே மாட்டி, ஒவ்வொரு உருளையிலும் பெல்ட்டின் கோடுகள் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். புது புல்லியிலும் அந்த ஒயிட்னர் கோட்டைப் போட்டுவிடுங்கள். சாக்கெட், துணி எதுவும் உள்ளே இல்லை என்று பார்த்துவிட்டு, ஆயில் அளவு பார்த்து, பேட்டரி மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். ஐட்லிங்கில் புல்லி ஆடாமல் ஓட வேண்டும், ஏசி போட்டாலும் சத்தம் வரக்கூடாது. 50 கிலோமீட்டர் கழித்து ஒரு தடவை, 500 கழித்து ஒரு தடவை டார்ச் அடித்துப் பாருங்கள். முதல் நாளில் கொஞ்சம் கிரீஸ் கசிந்து தெரிந்தால் பதற வேண்டாம், துடைத்துவிட்டு மறுநாள் பாருங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐ10 1.1 எஞ்சின் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே செய்யாதீர்கள், அதில் டைமிங் பெல்ட், சீல் அதற்கும் பின்னால் இருக்கிறது, டைமிங் பெல்ட் மாற்றும்போது சேர்த்து மாற்றுவதுதான் சரி. சில ஃபோர்டு பெட்ரோல் எஞ்சின்களில் கீயே கிடையாது, போல்ட்டின் இறுக்கம்தான் டைமிங்கைப் பிடித்துவைத்திருக்கும், லாக் டூல் இல்லாமல் அந்த போல்ட்டைத் தொட்டால் டைமிங் போய்விடும். பழைய ஹோண்டா எஞ்சின்கள் சில எதிர்த்திசையில் சுழலும். பெரும்பாலான ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கியர் போட்டு எஞ்சின் சுற்றாமல் பிடித்து நிறுத்த முடியாது.

தம்பி, பழைய புல்லியை உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கழுத்தைத் துடைத்து, வெளிச்சத்தைச் சாய்த்து வைத்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், நகம் மாட்டியதா இல்லையா என்றும் எழுதுங்கள். பள்ளம் ஒரே அகலத்தில் இல்லாமல் ஒரு பக்கம் மட்டும் ஆழமாக இருந்தால், பழைய சீல் சாய்ந்து உட்கார்ந்திருந்ததா, வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.